ஆறவிடாத போசி

காலையில் எழுந்ததும் ஆரோன் முதலில் அடுப்பைப் பற்றவைப்பான். முகம் கழுவுவதெல்லாம் அதற்குப் பிறகு. மாடியிலிருந்து இறங்கி, சமையலறையின் பின்கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, போசியின் மூடியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைப்பான். இடுப்புயர எவர்சில்வர் போசி. உள்ளே நேற்றைய எலும்புச் சாறு, மேலே கொழுப்பு ஆடையாக மிதக்கும். அதைத் தட்டைக் கரண்டியால் வழித்து ஒரு டப்பாவில் போடுவான். நேற்றைய துணி மூட்டையைத் தூக்கிப் பிழிந்து குப்பையில் எறிவான். கொதி வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுப் புது மூட்டையை இறக்குவான். அதற்குள் எலும்பு, தோலோடு சுட்ட சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாடு, காய்ந்த காளான், தக்காளி. தீயைக் குறைப்பான். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைப்பான். உப்பு சரியாக இருக்கும். பிறகு பல் துலக்கப் போவான்.

கடையை மூடுவதற்கு முன் இதே வேலை இன்னொரு தடவை. இரண்டு கொதிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ அவ்வளவுதான் அவன் உலகம். தாராபுரத்தில் அக்கா ரூத்தின் மகனுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை கொடுத்த அன்று, பூசை முடிந்து பந்தி போடும்போதே அவன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டான். அக்கா பின்னாலேயே வந்து தூக்குப் போசியில் பிரியாணியைக் கையில் திணித்து, "ஊட்டுல பால்குடிக் கொழந்தையாடா அழுவுது?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆரோன் பஸ் ஏறினான்.

ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடைகள் ஓய்ந்து கிளினிக்குகள் தொடங்குகிற ஒரு குறுக்குத் தெரு. மாமனார் இன்னாசிமுத்துவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் கடை. சால்னா, வெள்ளாட்டுக் குழம்பு, நூடுல்ஸ் சூப், எது கேட்டாலும் அதில் போசியிலிருந்து ஒரு கரண்டி விழும். அந்த ஒரு கரண்டிக்காகத்தான் மத்தியானத்தில் ஸ்கூட்டர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

போசியை ஆரம்பித்தவள் அவன் மனைவி லின்சி. கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பல் ஒன்றின் அடுக்களையில் சில வருடம் வெந்தவள். அங்கே சீனாக்காரர் ஒருவர் இறைச்சி வேகவைக்கும் சாற்றைக் கொட்டவே மாட்டாராம். வடிகட்டி, கொதிக்கவைத்து, மறுநாள் அதிலேயே அடுத்த இறைச்சி. இத்தாலிக்காரர் சீஸின் காய்ந்த தோலைத் தூக்கிப் போடாமல் சூப்பில் போடுவாராம். ஜப்பான்காரர் கடல்பாசியையும் காய்ந்த மீனையும் வெந்நீரில் காட்டிவிட்டு எடுத்துவிடுவாராம். "எல்லா ஊர்லயும் மாமியாருக்குத் தெரியாம அடியில ஒண்ணைப் போடறாங்க. போட்டது கண்ணுக்குத் தெரியாது. எடுத்துட்டா மட்டும் தெரியும்" என்பாள். நம் ஊர்க் கறிக்குழம்பு மறுநாள் சுண்டவைத்தால் ஏன் ருசி ஏறுகிறது, கத்தரிக்காய்க் குழம்பில் இரண்டு கருவாடு விழுந்தால் ஏன் ஊரே எட்டிப்பார்க்கிறது என்பதற்கெல்லாம் அவளிடம் இந்த ஒரே பதில்தான்.

ஆரோன் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். அப்போது பல்லடம் ரோட்டில் சிப்ஸ்களுக்கு மசாலாத்தூள் செய்யும் கம்பெனியில் இருந்தான். தங்கள் கோழி வாசனைப் பொடியை விற்க இந்தக் கடைக்கு வந்தான். லின்சி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கோழி இல்லீங்க. கோழியோட போட்டோ" என்றாள். அவன் பொடியை மறந்துவிட்டு மறுநாளும் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் கம்பெனி வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். போசி அவள் வேலை. வெள்ளிக்கிழமை இரவு வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டு பேரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு வந்து எடுத்துக் கொதிக்கவைப்பாள். அவளுக்கு அது ஒரு வேலைச் சாமான்.

போன ஐப்பசியில் டெங்கு வந்தது. வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னாசிமுத்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடைசியாக அவளோடு உள்ளே இருந்தது ஆரோன் மட்டும்தான். "ஏதாச்சும் சொன்னாளுங்களா மாப்ள?" என்று கேட்டார். "போசியைப் பத்திச் சொன்னாளுங்" என்றான் ஆரோன். "பாத்துக்கச் சொன்னாளாக்கும்?" என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தான். தலையாட்டினான்.

அவ்வளவுதான் நடந்தது. அடக்கத்துக்குள் அது பங்குக் கோயில் ஜனம் முழுக்கப் பரவிவிட்டது. சாகிற நேரத்திலும் அந்தப் பிள்ளைக்குத் தொழில்தான் நினைப்பு என்று கல்லறையில் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். முன்கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியில் மகள் கிடக்க, இன்னாசிமுத்து பின்பக்கம் போய்ப் போசியைக் கொதிக்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடக்கம் முடிந்த அன்று ஆரோன் சாற்றை வடிகட்டி ஃப்ரிட்ஜுக்குத் தூக்கிப் போனபோது அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"குளுருல வெக்காதீங்க மாப்ள. அவளை வெச்சது போதும்."

அன்றிலிருந்து காலையும் இரவும் கொதிதான், போசி முழுக்க ஆறுவதில்லை. ஃப்ரிட்ஜில் சோடா பாட்டில்கள் இருக்கின்றன. அவருக்கு முழங்கால் போய்விட்டது, எடையைத் தூக்கமுடியாது. வேறு ஆளைத் தொடவிட மனசில்லை. ஆரோன் கம்பெனிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தான்.

ஆரோனுக்குக் கணக்குத் தெரியும். தினமும் பாதி போகிறது, பாதி சேர்கிறது. லின்சி ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுகூட மிச்சமிருக்க வழியில்லை. இதை அவன் மாமனாரிடம் சொன்னதில்லை. அவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் கிளம்புவது சுலபம். அவன் சட்டைகளை அவர்தான் இஸ்திரி போடக் கொடுத்து வாங்குகிறார். மீன் வாங்கினால் தலை அவன் தட்டுக்குத்தான். வெளி ஆட்களிடம் "எம் பையன்" என்கிறார்.

அன்றைக்குக் காலை பல் துலக்கி வருவதற்குள் போன் அடித்தது. பழைய மேனேஜர் மோகன்குமார். இப்போது பெங்களூரில் காபி, பழச்சாறு வகையறாக்களுக்கு வாசனை சேர்க்கும் கம்பெனியில் பெரிய ஆள்; அங்கே ஆரோனுக்கும் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்.

"ஆரோன், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடு. ஹெச்.ஆர்.காரன் என் உசுரெடுக்கறான்."

"யோசிச்சுட்டு இருக்கறேனுங் சார்."

"ஏழு மாசமா யோசிக்கறே. பெங்களூருக்குக் கூப்பிட்டா நிலாவுக்குக் கூப்பிட்டாப்புல முழிக்கறே. அந்தப் போசிக்கு ஒரு ஆளைப் போட்டா தீந்துது."

"மாமா ஒத்துக்கமாட்டாருங்."

"நீ போசியை வெச்சிருக்கறியா, போசி உன்னைய வேலைக்கு வெச்சிருக்குதா?"

"தெரியலீங் சார்."

மோகன்குமார் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். "இன்னிக்கு விட்டா வேற ஆளுதான்" என்று வைத்துவிட்டார்.

பின்வாசலில் பங்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"பெங்களூருங்களா தம்பி?"

"ம்."

"போகமாட்டீங்க. மாரியாத்தா நோம்பிக்குக் காப்புக் கட்டுனா ஊரைத் தாண்டிப் போகக்கூடாதும்பாங்க. அது ஒரு வாரம். உங்களுக்குப் போசியில கட்டியிருக்குது, எப்ப அவுக்கறதுன்னு யாருக்குந் தெரியாது."

"வெங்காயத்தைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். கண்ணுல தண்ணி வருதுல்ல." அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "மத்தியானம் அந்தப் பல்லடத்துக்காரரு வாராராமே. கோழிப் பண்ணைக்காரரு. அவரு கையில மாட்டுனா ரெண்டு கையிலயும் காப்புத்தான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. பல்லடத்தில் பாலுசாமிக்குக் கோழிப்பண்ணைகளும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. மண்டபத்துக்கு எதிரே இந்தக் கடையின் கிளை ஒன்றைத் திறக்கவேண்டும் என்று மாசக்கணக்காக ஒற்றைக்காலில் நின்றார். உறைமோர் ஊற்றுவதுபோல இங்கிருந்து பாதிச் சாற்றைக் கேனில் கொண்டுபோய் அங்கே புதுப் போசியில் ஊற்றிவிடுவது என்று ஏற்பாடு. காலைக் கொதி இங்கே, அதை முடித்துவிட்டுப் பல்லடம், சாயங்காலக் கொதி அங்கே, திரும்பி வந்து இங்கே. இரண்டுக்கும் கை ஆரோனுடையது. இன்னாசிமுத்து எல்லாவற்றையும் அவன் பேரிலேயே எழுதச் சொல்லிவிட்டார். இன்றைக்குப் பேசி முடித்துக் கையெழுத்து. இன்றைக்கே பெங்களூருக்கும் பதில். கையெழுத்துப் போட்டால் இனிப் பெங்களூரும் கிடையாது, வேறெதுவும் கிடையாது. அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஏப்பம்கூட வரவில்லை.

பாலுசாமி கூட்டம் குறைந்த பிறகு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் துருத்தி நிற்கும் செல்போன், கக்கத்தில் பேப்பர் கவர். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா வாசம் இது. கார் கண்ணாடியைத் தாண்டி உள்ள வருதுங்க."

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்று இன்னாசிமுத்து நாற்காலியைத் துடைத்தார். "மாப்ள, அவிகளுக்கு முதல்ல சும்மா போசித் தண்ணியே ஒரு டம்ளர் குடுங்க. எதுலயும் கலக்காம."

ஆரோன் கொண்டுவந்து வைத்தான். பாலுசாமி ஊதி ஊதிக் குடித்தார். நடுவில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாவுல இருந்து போகமாட்டேங்குதுங்களே. என்னுங்க போடறீங்க? அந்தச் சைனாக்காரன் உப்புங்களா?"

"அது தனியாப் போடறதில்லீங்" என்றான் ஆரோன். இந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்கு மனப்பாடம். "கருவாட்டுல ஒரு ருசி இருக்குது. தக்காளியில ஒண்ணு, காளான்ல ஒண்ணு. தனித்தனியாப் போட்டா சுமாருங். ஒண்ணாச் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தூக்கும். எலும்புல இருந்து எறங்கற பசை அதை நாக்குல நிறுத்தி வெக்கும். வெங்காயத்தைத் தோலோட சுடறதால கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு. வாசத்தைத் தூக்கிட்டுப் போறது கொழுப்பு. முழுங்கினப்பறம் மூச்சு விடறீங்கல்ல, அப்பத்தான் தொண்டை வழியா மூக்குக்குப் போகும். ருசின்னு நாம சொல்றதுல பாதி அதுதானுங்."

"வாத்தியாருதானுங்க நீங்க" என்றார் பாலுசாமி. "எங்கூட்ல அம்மணியும் இதையெல்லாம் போடறாங்க. ஆனா நோம்பிக்குக் கூழு குடிச்சாப்புல இருக்குது."

"அதுக்குக் கைராசி வேணுங்க" என்றார் இன்னாசிமுத்து. "அவ கை இன்னும் இதுக்குள்ள இருக்குதுங்க. வேறென்ன."

ஆரோன் டம்ளரை எடுத்துக்கொண்டான்.

பாலுசாமி வயிறாரச் சாப்பிட்டார். பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றார். கோழிக்கால் இனி வெளியில் வாங்கவேண்டாம், தன் பண்ணையிலிருந்தே மூட்டை மூட்டையாக வரும் என்றார். போசிக்குத் தனி அறை, ஜன்னலில் கண்ணாடி, சாப்பிட வருகிறவர்கள் வெளியிலிருந்து பார்க்கலாம் என்றார். "மாப்ளையும் அங்கயே நின்னுக்கட்டுமுங்க, ஜனம் பாக்கட்டும்" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஏப்ரனோடு நிற்பதை ஆரோன் ஒரு நிமிஷம் பார்த்தான். யாரோ நிற்பதுபோல இருந்தது.

பிறகு பாலுசாமி கை கழுவி வந்து செல்போனை எடுத்தார். "என்ற தங்கச்சி பையன் டிசைன் போடறவன். போர்டு ஒண்ணு ரெடி பண்ணியிருக்கறான். பாருங்க, கும்முன்னு இருக்குது."

போன் இன்னாசிமுத்துவின் கைக்குப் போனது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆரோனிடம் நீட்டினார். இடது பக்கம் லின்சி, கல்யாண ரிசப்ஷன் படத்திலிருந்து வெட்டியெடுத்தது. தோளில் இருந்த ஆரோனின் விரல்கள் மட்டும் அழிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கம் ஆவி பறக்கும் போசி. நடுவே சிவப்பில் பெரிய எழுத்து. என் போசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே சின்னதாக, லின்சியின் கடைசி வார்த்தை.

"ரோட்டுல போறவன் ஒருத்தன் பாக்கி இல்லாம நின்னு படிப்பானுங்க" என்றார் பாலுசாமி. "பையன் என்ன சொல்றான்னா, புத்தகத் தமிழ் வேண்டாம், அந்தம்மணி வாயில எப்படி வந்துச்சோ அப்படியே போட்டாத்தான் மனசுல தைக்கும்ங்கறான். அதைத்தான் கேக்கோணும்னு வந்தேன்."

"மாப்ளைதானுங்க கேட்டாரு" என்றார் இன்னாசிமுத்து. "சொல்லுங்க மாப்ள. எப்படிச் சொன்னா? நானும் அன்னிக்கு முழுசாக் கேக்கலை. கேக்கத் தெம்பில்லை."

கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்கள் கவரிலிருந்து பாதி வெளியே வந்து மேசையில் கிடந்தன. ஆரோன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். பாத்துக்குங்க என்றோ விட்றாதீங்க என்றோ. தகடு துருப்பிடிக்கும் வரைக்கும் அது பல்லடம் ரோட்டில் தொங்கும். தினமும் இரண்டு தடவை அதற்குக் கீழே அவன் போவான், வருவான். அவள் சொல்லாத ஒன்றை அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஜனங்கள் படித்துவிட்டுப் பரோட்டா சாப்பிட வருவார்கள்.

"அப்படிச் சொல்லலீங்" என்றான்.

"அப்ப எப்படிங்க? சொல்லுங்க, டைப் பண்ணிக்கறேன்."

"மாமா. அவ போசியைப் பாத்துக்கச் சொல்லவேயில்லீங்."

இன்னாசிமுத்து சிரிக்கப் பார்த்தார். "என்னுங் மாப்ள. வராந்தாவுல வெச்சுக் கேட்டனே. தலையாட்டுனீங்களே."

"ஆட்டுனேனுங்."

பாலுசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பண்ணை நடத்துகிறவருக்கு எந்த நேரத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று தெரியும். "நான் சித்தெ காருகிட்ட நிக்கறனுங்க" என்று சொல்லி, போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். காகிதங்களை எடுக்க மறந்துவிட்டார்.

பின்பக்கம் பங்காரம்மாவின் கத்திச் சத்தம் நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு நீங்க தினமும் பிளாஸ்க்குல குடுத்து விடுவீங்கல்லங் மாமா" என்றான் ஆரோன்.

"ஆமா. போசித் தண்ணி. தெம்பு வரட்டும்னு."

"அவ அதைக் குடிக்கலீங். மூடியைத் தொறந்தாலே கொமட்டுச்சு. ஒரு நாள் கட்டிலோரமா வாந்தியே எடுத்துப்போட்டா. நான்தான் படிக்கட்டுல நின்னு குடிச்சுட்டு வெறும் பிளாஸ்க்கைக் கொண்டாந்து உங்ககிட்டக் குடுத்தேன். நீங்க கழுவறப்ப, முழுசாக் குடிச்சிருக்கறா, நாளைக்கு எந்திரிச்சிருவாம்பீங்க."

இன்னாசிமுத்து மேசை விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தார்.

"எல்லா நாளும்ங்களா?"

"எல்லா நாளும்ங்."

"அப்ப நான் அவளுக்குக் குடுத்துவிட்டது..." வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். அது ஓய்ந்ததும் கேட்டார். "கடைசியா என்னதானுங் சொன்னா மாப்ள? மறைக்காமச் சொல்லிப்போடுங்க. எனக்கு அவ சொன்னதுதான் வேணும்."

ஆரோனுக்கு அந்த ஆஸ்பத்திரி அறை கண்ணில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் கட்டில். அன்றைக்கும் அவன் கடையிலிருந்து நேராகப் போயிருந்தான். சட்டையெல்லாம் போசி வாசம். குனிந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவனுக்குச் சங்கடமாகியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீர் நனைத்துத் தடவினான். கொஞ்ச நேரத்தில் நர்ஸ்கள் ஓடிவந்து அவனை வெளியே தள்ளப்போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் பேசினாள். இத்தனை மாசமும் அவன் அந்தப் பேச்சின்படிதான் நடந்தான். இப்போது அதை மீறி, அவள் யாரிடம் சொல்லவேண்டாம் என்றாளோ அவர் முகத்தைப் பார்த்து, அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னான்.

"நாளைக்கு வெறும் மொளகு ரசம் மட்டும் வெச்சுக் கொண்டாங்க, நம்ம போசித் தண்ணி ஒரு கரண்டிகூட வேண்டாம், அந்த வாசமே எனக்கு ஆகலைங்க, ஆனா அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, மனசு ஒடைஞ்சு போயிருவாரு."